‘மிஸ்’ என்று தொடங்கும் பக்கம்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்ற திமிர் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சாக்குச் சொல்வது போல ஆகிவிடும். காங்கேயத்துக்குக் கிழக்கே மேட்டாங்காட்டில் கம்பும் சோளமும் விதைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்தில் முதன்முதலாக மெட்ரிகுலேஷன் தேறியவன் நான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்குப் பரிசாக ஓர் அகராதி கொடுத்தார்கள். செங்கல் கனம் இருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில், ஆட்களின் வருகையைப் பதிகிற டைம் ஆபீசில் குமாஸ்தாவாகப் போய் உட்கார்ந்தேன். அது முப்பதுகளின் நடுப்பகுதி. பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்து, ஊரைச் சுற்றிலும் புதிது புதிதாக மில்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம்.

எங்கள் மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர். நாங்கள் துரை என்போம். அவரிடம் ஒரு நீலப் பென்சில் இருந்தது. தப்பைக் கண்டால் கத்தமாட்டார். காகிதத்தின் ஓரத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதித் திருப்பி அனுப்புவார். தேதியை மாற்றிப் போட்டிருந்தால் ‘மிஸ்டேட்டட்’. ஒரு கட்டுக் காகிதத்தை வேறு கட்டில் சொருகியிருந்தால் ‘மிஸ்பிளேஸ்டு’. அவர் சொன்னதை நான் வேறாக விளங்கிக்கொண்டிருந்தால் ‘மிஸ்அண்டர்ஸ்டுட்’. என் முதல் மாதத்தில் நான் எழுதிய காகிதங்களில் என் மையைவிட அவருடைய நீலம்தான் அதிகம்.

எனக்கு ரோஷம் வந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அட்டையில் ‘மிஸ்’ என்று எழுதி, துரையின் ஓரச் சொற்களை எல்லாம் அதில் ஏற்ற ஆரம்பித்தேன். அவர் எழுதியது போதாதென்று அகராதியில் அந்தப் பக்கங்களைத் திறந்துவைத்துக்கொண்டு மீதியையும் சேர்த்தேன். இடது பக்கம் அவர்கள் சொல், வலது பக்கம் என் தமிழ். வழிகாட்டுவதற்கு முன்னால் இந்தத் துண்டை ஒட்டினால் வழி கெடுப்பது. நம்பிக்கைக்கு முன்னால் ஒட்டினால் அவநம்பிக்கை. நடத்தைக்கு முன்னால் ஒட்டினால் நடத்தைக் கேடு. அடடா, என்ன சிக்கனம் என்று நான் வியந்துபோனேன். எந்த நல்ல காரியத்தின் தலையிலும் இதை வைத்துவிட்டால் போதும், கெட்டுவிடுகிறது. ஆரம்ப உற்சாகத்தில் மிஸ்டரையும் மிஷனையும்கூட அதில் சேர்த்துவிட்டேன். பரிசு கொடுத்த பள்ளிக்கூட வாத்தியாரைத் தெருவில் பார்த்தபோது பெருமையாக நோட்டை நீட்டினேன். “மிஷனையுமா இதுல சேத்துப்போட்டே? பாதிரியார் பாத்தா பரிசைத் திருப்பிக் கேப்பாருடா” என்று சிரித்துவிட்டு அந்த இரண்டையும் அவரே அடித்தார்.

இரண்டு தடவை ‘மிஸ்பிளேஸ்டு’ வாங்கிய பிறகு துரை என்னை உள்ளே கூப்பிட்டார். இன்னொரு முறை ஒரு காகிதத்தைத் தொலைத்தால் நீ வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னதால் எனக்குப் பயம் அதிகமானது. நடந்ததெல்லாம் அந்தப் பயத்திலிருந்து வந்தது. பயந்தவன் செய்தது என்பதால் பாவம் குறைந்துவிடாது. அதுவும் எனக்குத் தெரியும்.

நூல் நூற்கிற ஸ்பின்னிங் பிரிவில் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளகோவில் பக்கம், எங்கள் ஊரிலிருந்து நடக்கிற தூரம்தான். நெருங்கிய சொந்தம் ஒன்றுமில்லை. ஆனாலும் முதல் நாளே என்னை “மாப்பிள்ளை” என்றார், நான் “மாமா” என்றேன். அதற்குமேல் எங்கள் பக்கம் யாரும் விசாரிப்பதில்லை. இரண்டு வருஷமாக மழை பொய்த்துப்போய் மில்லுக்கு வந்தவர். மனைவி ஊரிலேயே, சாளை என்கிற தோட்டத்துக் குடிசையில் இருந்துகொண்டு ஒரு ஜோடி எருதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். மழை வரும்வரை அந்த ஜோடியை விற்காமல் வைத்திருக்கவேண்டும். அதற்குத்தான் இந்த வேலை. இதை அவர் மறைத்ததேயில்லை. “மில்லு தீவனம் போடுதுங்க மாப்பிள்ளை, நான் சும்மா நடுவுல நிக்கறேன்” என்பார்.

மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. எங்கள் ஊர்ப் பேச்சே ‘ங்க’ போட்ட பேச்சுத்தான். அவரோ எருதைக்கூட “வாங்க சாமி, நடங்க சாமி” என்றுதான் ஓட்டுவாராம். மேஸ்திரி கெட்ட வார்த்தையில் திட்டினாலும் “சரிங்க” என்பார். எவர் மனசும் நோகிற மாதிரி ஒரு வார்த்தை முகத்துக்கு நேரே அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான். பிடிக்காத விஷயத்தை எதிராளியிடம் சொல்வதைவிட நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். நானும் அந்த ஊர்க்காரன்தான் என்பது பிறகு தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில், சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால், டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே அவர் மூச்சு வாங்க நின்றார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, எடத்தெருது கெணத்துல உளுந்துபோச்சுங்களாம். பஞ்சு வண்டிக்காரரு வந்து சொல்லிப்போட்டுப் போறாரு. உசுரு இருக்குதாம். நான் போகோணுமுங்க.”

இடத்தெருது என்றால் ஏரில் இடப்பக்கம் கட்டுகிற எருது. பழகிய ஜோடியில் ஒன்று போனால் மற்றதும் பாதிதான். லீவு வேண்டுமானால் ஆங்கிலத்தில் எழுதி, கைநாட்டு வைத்து, துரையின் மேஜைக்குப் போகவேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுப்பது என் வேலை. நான் எழுதினேன். கிணற்றில் விழுந்த எருதைப் பற்றி எழுத ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததே என்று கொஞ்சம் அலங்காரமாகவே எழுதினேன். நான்கு நாள் லீவு கேட்டு, அவர் கட்டைவிரலை ஊதா மையில் அழுத்தி அதன் கீழே வைத்தேன்.

“நான் கெளம்பலாமுங்களா?”

“நீங்க போங்க மாமா. நான் பாத்துக்கறேன்.”

இந்த ‘பாத்துக்கறேன்’ இருக்கிறதே, அதை இன்றைக்கும் என் காதால் கேட்கமுடியவில்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினார். கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் எழுந்திருக்கும்போது துரையின் மணி அடித்தது. கையில் இருந்ததை அப்படியே, எதிரே ‘மிஸ்’ பக்கத்தில் திறந்து கிடந்த அகராதிக்குள் வைத்து மூடிவிட்டு ஓடினேன். உள்ளே துரை என்னைப் பாராட்டினார். போன வாரம் ஒரு நீலக் கோடுகூட இல்லை, இனிமேல் சாதாரணக் கடிதங்களை நீயே எழுதி என்னிடம் கையெழுத்துக்குக் கொண்டுவா என்றார். நான் காலில் தரை படாமல் வெளியே வந்தேன். அன்றைக்கு முழுவதும் என் தலைக்குள் நான்தான் இருந்தேன். எருது இல்லை, மாமா இல்லை, கடிதம் இல்லை.

வியாழக்கிழமை துரை கேட்டார், ஸ்பின்னிங்கில் ஒரு ஆள் மூன்று நாளாக வரவில்லையாமே, லீவு கடிதம் இருக்கிறதா என்று. மூன்று நாள் சொல்லாமல் நின்றால் பேரை எடுத்துவிடுவது மில் சட்டம். ட்ரேயில் தேடினேன். கட்டுகளில் தேடினேன். மேஜைக்கடியில் குனிந்து தேடினேன். எங்கும் இல்லை. ‘அவர் கொடுத்தார், நான்தான் எங்கேயோ வைத்துவிட்டேன்’ என்று சொல்ல எத்தனை நேரமாகும்? மூச்சுவிடுகிற நேரம். துரை கதவுப்பக்கம் நின்று பென்சிலை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“இல்லை சார்” என்றேன்.

“எழுதிக்கொண்டு வா” என்றார்.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவருக்கு மில் ஒரு சர்டிபிகேட் கொடுக்கும். அடுத்த மில்லில் அதைக் கேட்பார்கள். அதில் காரணம் என்று ஒரு வரி உண்டு. உடம்பு சரியில்லை என்று இருக்கலாம், சொந்த விருப்பம் என்று இருக்கலாம். துரை சொன்ன காரணம் ‘மிஸ்காண்டக்ட்’. டைப்ரைட்டரில் காகிதத்தை ஏற்றிவிட்டேன். நோட்டில் அந்தச் சொல்லுக்கு நான் எழுதிவைத்த ‘நடத்தைக் கேடு’ மனசில் வந்து நின்றது. சொல்லாமல் வராமல் போனதற்கு இவ்வளவு பெரிய வார்த்தையா, இதைவிடச் சின்னதாக ஒன்று இருக்காதா என்று பார்ப்பதற்காக அகராதியைத் திறந்தேன். அது தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்தது. ஊதா ரேகையோடு கடிதம் அங்கே கிடந்தது.

நான் அதைப் பார்த்தேன். படித்தும் பார்த்தேன். நான் எழுதிய அலங்காரமெல்லாம் அப்படியே இருந்தது. துரையின் அறை பத்தடி தூரம். டைப் அடித்த காகிதத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை. எழுந்து போய், இதோ இருக்கிறது, தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் அவர் வேலை மிஞ்சியிருக்கும். என்னுடையது போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். போனால்தான் என்ன? எனக்கு வயது இருபத்திரண்டு, கையில் மெட்ரிகுலேஷன் இருந்தது, ஊரில் அப்பன் இருந்தார். அவருக்கு இருந்தது அந்த ஒரு ஜோடி எருது.

நான் அகராதியை மூடினேன். பிறகு டைப் அடித்தேன். ஒரு எழுத்துத் தப்பாமல் அடித்தேன். துரை கையெழுத்துப் போட்டுவிட்டு “சுத்தமாக இருக்கிறது” என்றார்.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். கேட்டில் நிறுத்திவிட்டார்கள். டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தபோதும் முகம் மலர்ந்துதான் இருந்தது, ஏனென்றால் எருது பிழைத்துவிட்டது. கயிறு கட்டி, ஊரே சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள். முன்னங்காலில் சிராய்ப்போடு போயிற்றாம். எனக்கென்று ஒரு துணியில் நிலக்கடலை கட்டி வந்திருந்தார். ஜன்னல் கம்பிக்குள் அது நுழையவில்லை, அவிழ்த்துக் கைப்பிடி கைப்பிடியாக உள்ளே போட்டார்.

“கேட்டுல என்னமோ சொல்றாங்க மாப்பிள்ளை. எம்பேரு இல்லீங்களாம். நீங்க குடுத்தீங்கள்ல?”

இந்த இடத்தில்தான் நான் இரண்டாவது பாவத்தைச் செய்தேன். முதலாவதைப் பயத்தில் செய்தேன். இதை எதனால் செய்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. மரியாதை என்றுதான் சொல்லவேண்டும், வெட்கக்கேடு. ஆங்கிலத்தில் அந்த வார்த்தையைத் தட்டெழுத்தில் அடிக்க என் விரலுக்குக் கூசவில்லை. ‘மாமா, உங்க நடத்தை சரியில்லைன்னு எழுதியிருக்குதுங்க’ என்று எதிரே நிற்கிற மனிதரிடம் தமிழில் சொல்ல என் வாய்க்கு வரவில்லை.

“ஆளைக் கொறைக்கறாங்க மாமா. துரை முடிவுங்க” என்றேன். “உங்க பேர்ல ஒண்ணுமில்லீங்க. நல்ல காயிதம் குடுத்திருக்காங்க. இதைக் காட்டுனா எந்த மில்லுலயும் எடுத்துக்குவாங்க.”

அவர் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “என்னன்னு எழுதியிருக்குதுங்க? ஒருக்கா படிச்சுச் சொல்லுங்க.”

நான் படித்தேன். வரி வரியாக விரலை ஓட்டிப் படித்தேன். “நல்ல உழைப்பாளி. சொன்ன வேலையைச் செய்யக்கூடியவர். ஆள் எச்சாப் போச்சுங்கறதால நிறுத்தியிருக்கறோம்.” விரல் ‘மிஸ்காண்டக்ட்’ மீது போனபோது ‘உழைப்பாளி’ என்று இன்னொரு தடவை சொன்னேன்.

“துரைக்கு நல்ல மனசுங்க” என்றார் மாமா.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. உக்கடத்தில் குளக்கரைக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் எனக்கு ஓர் அறை இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்கு அவர் வந்து, கதவுக்கு வெளியே நின்று “ஏனுங்க” என்பார். அந்த வாரம் எந்தெந்த மில் வாசலில் நின்றார் என்று சொல்வார். பீளமேடு, சிங்காநல்லூர் என்று ஒரு பக்கமும் விடவில்லை. காகிதத்தை வாங்கி உள்ளே கொண்டுபோகிறார்கள், திருப்பிக் கொண்டுவந்து இடமில்லை என்கிறார்கள். காகிதம் அழுக்காகாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார். தன்னைப் பற்றிய அவதூற்றை அவரே சுத்தமாக மடித்து, அவரே வாசல் வாசலாகக் கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு நல்லா எழுதியிருந்தும் ஏனுங்க மாப்பிள்ளை எடுக்கமாட்டேங்கறாங்க?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்பார். “இன்னொருக்கா படிங்களேன். நம்ம எதாச்சும் உட்டுட்டமோ என்னமோ.”

நான் படிப்பேன். ஒவ்வொரு வாரமும் பாராட்டு கொஞ்சம் வளர்ந்தது. இரண்டாம் வாரம் அவர் நேரம் தவறாதவர் ஆனார். மூன்றாம் வாரம் இயந்திரத்தைத் தன் சொத்துப்போலக் காப்பாற்றுபவர் ஆனார். எனக்கே புரையேறியது. காபி வாங்கிக் கொடுப்பேன். அவர் உறிஞ்சாமல், சத்தமில்லாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். நான்காம் வாரம் தாங்காமல், “காயிதத்தைக் காட்டாமக் கேட்டுப் பாருங்களேன் மாமா” என்றேன்.

“ஏனுங்க? நல்லாத்தானுங்களே எழுதியிருக்குது?”

அப்படிக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நீண்ட நேரம் காத்திருந்தார். தெருவில் தண்ணீர் வண்டி போன சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. “அதுக்கில்லீங்க, சும்மா சொன்னேன்” என்றேன் நான்.

ஆறாவது ஞாயிறு ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தார். மூட்டை கையில் இருந்தது. “கடைசியா ஒருக்கா படிச்சுச் சொல்லிப்போடுங்க” என்று காகிதத்தைக் கொடுத்தார். நான் படித்தேன். அவர் என் விரலைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் “சந்தோசமுங்க மாப்பிள்ளை. காயிதம் உங்ககிட்டயே இருக்கட்டும், எனக்கு இனி எதுக்குங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அப்பாடா, தொலைந்தது என்று இருந்தது எனக்கு. ஆமாம், அப்படித்தான் இருந்தது. எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டு அதை விட்டுவிட முடியாது.

அன்றைக்கு அந்தச் சர்டிபிகேட்டையும் அகராதியின் அதே பக்கத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு ‘மிஸ்’ நோட்டில் ஒரு சொல்கூட ஏறவில்லை. துரை என் சம்பளத்தை உயர்த்தினார், நீலப் பென்சில் என் பக்கம் வரவேயில்லை. ஆனால் அகராதி தானாக அந்தப் பக்கத்திலேயே திறந்துகொண்டிருந்தது. அட்டையின் தையல் அந்த இடத்தில் தளர்ந்துவிட்டது. வேறு சொல் தேடிப் போனாலும் அந்த ஊதா ரேகையைக் கடந்துதான் போகவேண்டும். ஒரு வருஷம் அப்படிப் போயிற்று.

அடுத்த வருஷம் வெள்ளகோவிலில் ஒறம்பரை வீட்டில், அதாவது சொந்தக்காரர் வீட்டில், ஒரு கல்யாணம். போகிற அன்று காலையில் லீவு கடிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். கல்யாணம் முடிந்து, நல்ல வெயிலில், மாமாவின் தோட்டம் எது என்று வழி கேட்டு நடந்தேன். கிளுவை வேலிக்குள் சாளை தெரிந்தது. வாசலில் கட்டுத்தரை. இரண்டு முளைக்குச்சி நட்டிருந்தது. அவற்றில் எதுவும் கட்டியிருக்கவில்லை. சாணி வாசமே இல்லாமல் தரை காய்ந்து வெடித்திருந்தது.

அவர் மனைவி புளி தட்டிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். “அக்கா, மாமா இருக்காருங்களா?” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீதானா அந்த இங்கிலீசு படிக்கற தம்பி” என்றாள். “பக்கத்துத் தோட்டத்துல கூலி உழவுக்குப் போயிருக்காரு. வருவாரு. எருது ரெண்டும் தை மாசச் சந்தையிலயே போயிருச்சு. அதைப் பாக்கத்தான் வந்தியா?”

அவள் புளியங்கொட்டையைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள்: “ரெண்டாவது மில்லுலயே உள்ளிருந்த ஆளு படிச்சுச் சொல்லிப்போட்டான், என்ன எழுதியிருக்குதுன்னு. மொத வாரமே அவருக்குத் தெரியும். கிளிச்சுப் போட்டுட்டு வாங்கன்னு நான் சொன்னேன். இந்த மனுசன் கேட்டாத்தானே? ‘மாப்பிள்ளையாச் சொல்லட்டும், அவரு மனசுல என்னமோ கெடக்குது, நாம போயி நின்னாச் சொல்லிருவாரு’ன்னு வாராவாரம் உன் ஊட்டு வாசலுக்கு நடந்தாரு. நீ வாரத்துக்கு ஒரு கதை படிச்சியாமே? கடைசியில மிசினையெல்லாம் காப்பாத்துனாராமே?”

ஆறு ஞாயிறும் என் கண் முன்னால் வந்தன. டம்ளரைக் கழுவி வைத்தது, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது, “நல்லாத்தானுங்களே எழுதியிருக்குது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது எல்லாம். ஆறு முறை எனக்கு வாசலைத் திறந்துவிட்டார். ஆறு முறையும் நான் உள்ளேயே உட்கார்ந்து கதை படித்தேன். காலடியில் பூமி பிளக்காதா என்று இருந்தது.

அப்போது மாமா வந்துவிட்டார். தலையில் துண்டு, முழங்கால்வரை செம்மண். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துவிட்டார். “வாங்க மாப்பிள்ளை, வாங்க. எப்ப வந்தீங்க? வெயில்ல நடந்தே வந்துட்டீங்களா? ஏனம்மணி, வந்தவங்களை நிக்க வெச்சுப் பேசிட்டிருக்கறே, கட்டலை எடுத்துப் போடு.” குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அக்கா கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டுப் புளிக்குத் திரும்பினாள். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நான் அப்படியே கல்யாணப் பேச்சுப் பேசிவிட்டு, மழை எப்படி என்று கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். என் மரியாதை அதற்கும் தயாராகத்தான் இருந்தது.

நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன்.

“இது என்னங்க?” என்றார். “நமக்குத்தான் படிக்கத் தெரியாதுங்களே. படிச்சுச் சொல்லுங்க.”

இந்தத் தடவை நான் உள்ளபடி படித்தேன். ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ். “என் இடத்தெருது கிணற்றில் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. எனக்கு உள்ளதெல்லாம் அந்த ஒரு ஜோடிதான். அதைக் காப்பாற்ற நான்கு நாள் லீவு கொடுக்கும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.” கீழே இருந்த ரேகையைக் காட்டினேன். “இது உங்க கைநாட்டு மாமா. அன்னைக்கு நீங்க வெச்சது. நான் இதைத் துரைகிட்டக் குடுக்கவே இல்லீங்க. எம் புஸ்தகத்துக்குள்ள வெச்சு மறந்துபோட்டேன். அப்பறம் கெடைச்சுது. கெடைச்சப்பறமும் குடுக்கலீங்க. எம் வேலை போயிருமின்னு மறைச்சுப்போட்டேன்.”

அக்கா புளி தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

மாமா கடிதத்தை வாங்கிக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார். தன் கட்டைவிரலை அந்த ஊதா ரேகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அப்ப துரை இல்லீங்களா?” என்றார்.

“இல்லீங்க.”

“அவரு இதைப் பாக்கவே இல்லீங்களா?”

“இல்லீங்க மாமா.”

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் அடித்தால் தேவலை என்று நின்றேன். அவர் முளைக்குச்சிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“காயிதத்துல என்ன எழுதியிருக்குதுன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. துரை சொல்றதை எழுதற வேலை, அவரு என்ன பண்ணுவாரு பாவம், சொல்லவும் முடியாம அவரும் வெசனப்பட்டுட்டுத்தான் இருப்பாருன்னு நெனைச்சுட்டேனுங்க. இந்த ஒரு வருசமா ஊட்டுல இவ உங்களைத் திட்டறப்பல்லாம் நான் உங்களுக்காகப் பேசிட்டிருந்தேனுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். கடிதத்தை நான்காக மடித்து, என் கையில் கொடுக்காமல், கட்டிலின் மேல் வைத்தார். பிறகு எழுந்தார்.

“உக்காருங்க. வெயிலு எச்சா இருக்குது. மோர் குடிச்சுட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் உள்ளே போய் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நான் உட்கார்ந்தேன். மாடு கன்று ஒன்றுமில்லாத வீட்டில் மோர் எங்கிருந்து வரும் என்று யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தபோது அக்கா அந்த வெயிலில், வெறுங்காலோடு, காலிச் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.